கொளுத்திப் பார்த்து வாங்க முடியாத சரக்கு

விருதுநகர் மார்க்கெட்டின் நிலவரம் நெடுங்காலமாகத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வெளிவந்துகொண்டிருக்கிறது. பருப்புக்கும் எண்ணெய்க்கும் வற்றலுக்கும் அந்த ஊர் ஒரு விலை சொன்னால், மற்ற ஊர்கள் காது கொடுத்துக் கேட்கும். அங்கே மிளகாய் வற்றல் கொள்முதல் செய்ய வரும் வியாபாரியைச் சற்றுக் கவனித்தால், ஓர் உண்மை விளங்கும். மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்ப்பதேயில்லை. உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளுகிறார்; நிறத்தைப் பார்க்கிறார்; காம்பைக் கிள்ளுகிறார்; காதருகே குலுக்கி விதையின் ஓசையைக் கேட்கிறார்; கடைசியில் முகர்ந்து பார்த்துத் தும்மலும் போடுகிறார். அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சு. இப்பேர்ப்பட்ட மனிதரிடம் எந்த விளம்பரம் என்ன செய்ய முடியும்?

அதே வியாபாரி, தீபாவளிக்கு முன்னால் பேரப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிவகாசிக்குப் பட்டாசு வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவருடைய சாமர்த்தியமெல்லாம் செல்லாக்காசு. புஸ்வாணத்தை முகர்ந்து பார்த்துப் பிரயோஜனமில்லை. லட்சுமி வெடியைக் காதருகே குலுக்கினால் ஒன்றும் தெரியாது. கொளுத்திப் பார்க்கலாம் என்றாலோ, கொளுத்திய மாத்திரத்தில் சரக்கே இல்லாமற் போய்விடுகிறது! ஆகவே, வற்றலைக் கிள்ளிப் பார்த்து வாங்கும் அதே மனிதர், பட்டாசைப் பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து வாங்குகிறார்.

இந்த வித்தியாசத்தை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பிலிப் நெல்சன் 1970-இல் எடுத்துக் காட்டினார். வாங்குவதற்கு முன்பே பார்த்து அறியக்கூடிய சரக்கு ஒருவகை. உபயோகித்த பிறகே குணம் தெரியும் சரக்கு மற்றொரு வகை. 1973-இல் மைக்கேல் டார்பி, ஈடி கார்னி என்ற இருவர் இவற்றோடு மூன்றாவது வகை ஒன்றையும் சேர்த்தார்கள். அந்த மூன்றாவதுதான் நமது கட்டுரைக்கு முக்கியம். அதைச் சற்றுப் பின்னால் கவனிப்போம். இப்போதைக்கு ஒன்றை மட்டும் மனத்தில் கொண்டால் போதும். வாங்குகிறவன் கண்ணுக்கு எது தெரியவில்லையோ, அந்த இடத்தில்தான் விற்கிறவனுடைய சாதுரியத்துக்கு வேலை இருக்கிறது.

அணிலும் காக்கையும்

சிவகாசித் தொழிலின் பூர்வ கதை நேயர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். ஸ்ரீ அ. சண்முக நாடாரும் ஸ்ரீ பி. அய்ய நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். 1923-இல் சிவகாசியில் தொழிற்சாலை தொடங்கினார்கள். அதற்கு முன் நம் வீட்டு அடுப்புகளைப் பெரும்பாலும் ஸ்வீடன் தேசத்துக் குச்சியும் ஜப்பான் தேசத்துக் குச்சியுமே பற்றவைத்துக்கொண்டிருந்தன. 1922-இல் இறக்குமதித் தீக்குச்சியின் மீது வரி உயர்ந்தது. சுதேசிப் பொருளில் ஜனங்களுக்கு ஏற்கெனவே பற்று உண்டாகியிருந்தது. மழை குறைந்து வெயில் மிகுந்த கரிசல் பூமி, குச்சியும் மருந்தும் உலர்வதற்கு ஏற்றதாக அமைந்தது.

ஆனால் குச்சி நன்றாகப் பற்றினால் மட்டும் போதுமா? அதைக் கேட்டு வாங்க ஒரு பெயர் வேண்டுமே! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுதியாயிருந்த காலம் அது. கம்பெனியின் பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டாலும் கிராமத்துக் கிழவிக்கு அது கோலப் புள்ளிதான். அணிலும் காக்கையும் பெட்டியின் மேல் வந்து உட்கார்ந்தது இதனால்தான் என்று கருதலாம். வீட்டுக் கொல்லையில் தினந்தோறும் காணும் பிராணியை யாரும் மறக்க மாட்டார்கள். “அண்ணாச்சி, அணில் மார்க் ஒன்று கொடுங்கள்” என்று ஐந்து வயதுக் குழந்தையும் கேட்டு வாங்கி வரலாம். பின்னால் பட்டாசுப் பெட்டியின் மேல் சேவலும் கூவிற்று.

ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு வர்ணப் படம் தேவைப்படவே, அச்சுத் தொழிலும் அந்த ஊரிலேயே வளர்ந்தது. இன்று தேசமெங்கும் சுவர்களில் தொங்கும் காலண்டர்களில் பெரும்பகுதி சிவகாசியிலிருந்து வருவதற்கு, தீப்பெட்டியின் மேல் ஒட்டிய சிறு துண்டுப் படமே மூலகாரணம். சரக்குக்காக வந்த விளம்பரம், தானே ஒரு சரக்காகிவிட்டது!

படத்துக்கு அடுத்தது பெயர். சங்கு சக்கரம், குருவி வெடி, கம்பி மத்தாப்பு என்ற பழைய பெயர்களில் ஒரு வீட்டுமணம் இருக்கிறது. அணுகுண்டு என்ற பெயரோ 1945-இல் ஹிரோஷிமாவை அழித்த ஆயுதத்தின் பெயர். அந்தப் பெயரைக் குழந்தையின் கையில் கொடுக்கும் பொம்மை வெடிக்குச் சூட்டியபோது யாரும் திடுக்கிடவில்லை. மாறாக, “சத்தம் பலமாக இருக்கும்” என்று விரும்பி வாங்கினார்கள். பெயர் செய்யும் மாயம் இவ்வளவு.

அடித்த விலையும் கொடுத்த விலையும்

பெயருக்கும் படத்துக்கும் மேலான வசியம் ஒன்று உண்டு. அதுதான் தள்ளுபடி.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதிக்கும் நமக்கு ஓர் உதாரணம் தோன்றுகிறது. ஒரு கடையில் பெட்டியின் மேல் 500 ரூபாய் என்று அச்சிட்டு, 80 சதவீதம் தள்ளுபடி செய்கிறார்கள். அடுத்த கடையில் 450 ரூபாய் என்று அச்சிட்டு, 75 சதவீதம் தள்ளுகிறார்கள். மூன்றாவது கடையில் அதே தினுசுப் பெட்டி, தள்ளுபடி ஏதுமின்றி 95 ரூபாய். முதற் கடையில் கொடுக்க வேண்டியது 100. இரண்டாவதில் 112 ரூபாய் 50 காசு. ஆறாம் வகுப்புப் பையன் இதைத் தாளில் போட்டு, மூன்றாவது கடையே லாபம் என்று சொல்லிவிடுவான். ஆனால் அவனுடைய தகப்பனார் கடைவீதியில் நிற்கும்போது எங்கே போகிறார்? 80 சதவீதம் என்று சிவப்பு எழுத்தில் தொங்குகிற கடைக்குத்தான் போகிறார். “நானூறு ரூபாய் மிச்சம்” என்ற திருப்தியுடன் வீடு திரும்புகிறார். அந்த நானூறு ரூபாய் எந்தக் காலத்திலும் யாருடைய பையிலும் இருந்ததில்லை என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

இதற்காக அவரை நாம் பரிகசிக்க வேண்டியதில்லை. மனித மனத்தின் இயல்பே அப்படி. ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்னும் மனோதத்துவ அறிஞர்கள் 1974-இல் ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள். எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சிலர் முன்னிலையில் சுழலவிட்டார்கள். சிலருக்கு அது 10-இல் நின்றது. சிலருக்கு 65-இல் நின்றது. பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க தேசங்கள் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார்கள். 10-ஐக் கண்டவர்களின் நடுத்தரமான விடை 25. 65-ஐக் கண்டவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண், மனத்தை ஒரு முளையில் கட்டிப் போட்டுவிட்டது. பட்டாசுப் பெட்டியின் மேல் அச்சிட்ட 500-ம் அத்தகைய முளைதான்.

அதே சிவகாசியிலிருந்து வரும் தீப்பெட்டியைப் பாருங்கள். அங்கே கதை நேர் மாறானது. 2007-இலிருந்து 14 வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்த விலை, 2021 டிசம்பர் முதல் தேதிதான் இரண்டு ரூபாயாயிற்று. ஒரு நாணயத்தைக் கொடுத்து ஒரு பெட்டி வாங்கிப் பழகிய கை, வேறு விலையை ஏற்காது என்று தொழிலதிபர்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் விலையை அசைக்காமல் வைத்து விற்கிறார்கள். மற்றோரிடத்தில் விலையைத் தலைகீழாகக் கவிழ்த்து விற்கிறார்கள். இரண்டிலும் அவர்கள் கணக்கிடுவது மருந்தின் எடையை மட்டுமல்ல. வாங்குகிறவர் மனத்தையும் சேர்த்துத்தான்.

இன்னும் சில உபாயங்களும் உண்டு. மாதந்தோறும் சிறு தொகை கட்டும் தீபாவளிச் சீட்டு, வாங்கும் முடிவைப் பத்து மாதத்துக்கு முன்பே செய்துவிடுகிறது, பண்டிகை வந்தபோது “வேண்டுமா, வேண்டாமா?” என்ற யோசனைக்கே இடமில்லை. பரிசுப் பெட்டியில் 25 தினுசு, 30 தினுசு என்று எண்ணிக்கையைக் காட்டுவார்கள்; ஒவ்வொன்றிலும் எத்தனை உருப்படி என்று எண்ணுகிறவர் குறைவு. பண்டிகைக்கோ நாள் தவணை உண்டு; மறுநாள் வாங்கினால் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் குழந்தை நிற்கிறது. எதிர்வீட்டில் பத்தாயிரம் வாலா வெடித்தால், நம் வீட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாயாரால் கணக்குப் பார்க்க முடியும்?

2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசை இணையத்தின் வழியே விற்கக் கூடாதென்று உத்தரவிட்டது. ஆயினும் தீபாவளி நெருங்க நெருங்கக் கைபேசிகளுக்கு விலைப்பட்டியல் வந்து குவிந்துகொண்டுதான் இருக்கிறது. கடையும் இல்லை, முகமும் இல்லை. தள்ளுபடி மட்டும் இருக்கிறது.

மூன்றாவது வகை

முன்னே நிறுத்திவைத்த மூன்றாவது வகைக்கு இப்போது வருவோம். சில குணங்களை வாங்குமுன்னும் அறிய முடியாது. உபயோகித்த பின்னும் அறிய முடியாது. புஸ்வாணம் எவ்வளவு உயரம் பூச்சொரியும் என்பது, கொளுத்திய பிறகாவது தெரிந்துவிடும். ஆனால் அந்தப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தவள் யார், அவளுடன் அந்த அறையில் எத்தனை பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், தீ விபத்து நேர்ந்தால் ஓடுவதற்கு வழி இருந்ததா என்பவை, கொளுத்தினாலும் தெரியாது. சாம்பலைக் கிளறினாலும் தெரியாது. நல்ல முறையில் செய்த மத்தாப்பும் ஆபத்தான முறையில் செய்த மத்தாப்பும் ஒரே விதமாகத்தான் பொறி உதிர்க்கும்.

ஆகையால் இந்தக் குணத்துக்காக எந்த வியாபாரியும் செலவு செய்து நம்மைக் கவர முடியாது. இதில் குறை வைத்து மிச்சம் பிடித்தவனை நாமும் கண்டுபிடிக்க முடியாது. அப்படி மிச்சம் பிடித்த பணத்திலிருந்து தள்ளுபடி கொடுத்தால், நாம் அந்தக் கடைக்கே போவோம்.

அச்சங்குளம்

சாத்தூருக்கு அருகில், கரிசல் காட்டின் நடுவே உள்ள கிராமம் அச்சங்குளம். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அங்கே ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் வெடி விபத்து நேர்ந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள், பலர் படுகாயமடைந்தார்கள். இறந்தவர்களில் பலர், சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, இறந்தவர் ஒவ்வொருவருடைய குடும்பத்துக்கும் 20 லட்ச ரூபாய் நஷ்டஈடு அளிக்குமாறு உத்தரவிட்டது.

அது தை மாதம் முடியும் சமயம். அந்த வருஷத் தீபாவளியோ நவம்பர் 4-ஆம் தேதி. நாம் பட்டாசைப் பற்றி நினைப்பதற்கு எட்டு மாதம் முன்னதாகவே, நம்மைப் போன்றவர்களுக்காக அங்கே கைகள் வேலை செய்துகொண்டிருந்தன.

அந்தத் தொழிற்சாலை திருட்டுத்தனமாக நடந்ததல்ல, உரிமம் பெற்றதே. ஆனால் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டு வேலை நடந்தது என்பது பிறகு வெளிவந்தது. உள்குத்தகை என்பது என்ன? அறையை எடுத்தவன் குத்தகைப் பணமும் கட்ட வேண்டும். தனக்கும் லாபம் காண வேண்டும். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், அறைக்கு அறை இவ்வளவு இடைவெளி என்று சட்டம் சொல்கிறது. இந்த விதி ஒவ்வொன்றும் அவன் கணக்கில் செலவாகத்தான் தோன்றும். சரக்கைக் குறைந்த விலைக்குக் கேட்கிறவர்கள் மேலே. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்கள் கீழே. நடுவில் நெருக்குவதற்கு அகப்படுவது அந்த விதிகளே.

அச்சங்குளத்து விபத்துக்கு நம்முடைய தள்ளுபடி ஆசைதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. காரணங்களை விசாரிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள்; நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்ட விலைக்கும் நாம் கொடுத்த விலைக்கும் நடுவில் உள்ள பெரும் இடைவெளியைப் பார்த்து மகிழ்கிற நாம், கொடுத்த விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்ததுண்டா என்பதே கேள்வி.

கதர் காட்டிய வழி

“கண்ணுக்குத் தெரியாத கையைப் பற்றி வாங்குகிறவன் எப்படிக் கவலைப்பட முடியும்?” என்று நேயர்கள் கேட்கலாம். கவலைப்பட்டதுண்டு, இந்தத் தேசத்திலேயே உண்டு. 1905-இல் சுதேசி இயக்கம் எழுந்தபோது, வழவழப்பான சீமைத் துணியைத் தள்ளி முரட்டுத் துணியை வாங்கியவர்கள், துணியின் குணத்தையா பார்த்தார்கள்? நெய்தது யார் என்று பார்த்தார்கள். அதைவிட முக்கியமான சம்பவம் 1935-இல் நடந்தது. நூற்கும் ஏழைப் பெண்களுக்குக் கிடைக்கும் கூலி ஜீவனத்துக்குப் போதாது என்று காந்தியடிகள் மனம் நொந்தார். அகில இந்திய சர்க்கா சங்கம் அந்த வருஷம், கதர் விலை ஏறினாலும் சரி, நூற்பவளுக்கு ஜீவனக் கூலி கொடுப்பதே நோக்கம் என்று தீர்மானித்தது. விலையைக் குறைத்து விற்பனையைப் பெருக்குவதே வியாபார தர்மம் என்றிருந்த உலகத்தில், விலையை ஏற்றியதற்குக் காரணத்தைச் சொல்லி விற்க முன்வந்த வியாபாரம் அது.

பிற்காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1994-இல் ‘ரக்மார்க்’ என்ற முத்திரை ஏற்பட்டது. குழந்தைகளை வேலைக்கு வைக்காமல் நெய்த கம்பளம் என்பதற்கு அது அடையாளம். கம்பளத்தை எவ்வளவு புரட்டிப் பார்த்தாலும் தெரியாத விஷயத்தை, ஒரு சிறு முத்திரை வாங்குகிறவருக்குத் தெரிவித்தது.

நம் வீட்டு நகைப் பெட்டியிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, ஹால்மார்க் தங்க நகை ஒவ்வொன்றிலும் ஆறு எழுத்தும் இலக்கமும் கலந்த தனி அடையாளம் இருக்க வேண்டும். கடைக்குப் போகிற அம்மாள், பூதக்கண்ணாடி வைத்து அதைப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. பட்டாசுப் பெட்டியிலும் ஒரு முத்திரை வந்திருக்கிறது. ‘நீரி’ என்னும் சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தின் பசுமைப் பட்டாசு முத்திரை. அதைப் போட்டுக்கொண்டும் தடைசெய்த ரசாயனங்களைக் கலப்பவர்கள் இருந்ததால், 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டிக்க நேர்ந்தது என்பது வேறு விஷயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தங்கத்தில் கலப்பிருந்தால் நஷ்டம் நமக்கு. அதனால் அதற்கு ஒரு முத்திரை கேட்டோம். புகை ஏறுவது நம் மூக்கில். அதனால் அதற்கும் ஒரு முத்திரை வந்தது. மருந்து இடிக்கும் அறையில் நேரும் நஷ்டம் நம்முடையதல்ல. அதற்கு மட்டும் இன்னும் முத்திரை இல்லை.

நாம் செய்யக்கூடியது

பட்டாசே வாங்கக் கூடாது என்று உபதேசம் செய்வது நமது எண்ணமல்ல. அந்தக் கரிசல் சீமையில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு இந்தத் தொழிலால் எரிகிறது. வாங்குகிற முறையைப் பற்றித்தான் சொல்லுகிறோம்.

வீட்டிலேயே என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று ஜாபிதா எழுதிக்கொண்டு புறப்படலாம். பெட்டியின் மேல் அச்சிட்ட விலையை மனத்தால் அடித்துவிட்டு, கையிலிருந்து போகும் தொகையை உருப்படியின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கலாம். அந்தக் கணக்கைக் குழந்தைகளிடமே கொடுக்கலாம். தயாரித்தவர் பெயரும் விலாசமும் மாதமும் அச்சிடாத பெட்டியை, எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். உரிமம் உள்ள கடையில், ரசீது கேட்டு வாங்கலாம்.

இவ்வளவும் செய்தாலும் அச்சங்குளம் போன்ற விபத்தைத் தடுத்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேயும் உரிமம் இருந்ததல்லவா? அதிக விலை கொடுத்தால் அது தானாகவே கூலிக்காரருக்குப் போய்ச் சேரும் என்று நம்புவதும் பேதைமை. பெட்டியில் உள்ள பெயருக்கும் அறையில் உள்ள வேலைக்கும் சம்பந்தம் உண்டா என்று சோதித்துச் சொல்ல, நம்பிக்கைக்குரிய ஒரு முத்திரை வேண்டும். அந்தத் தொழிற்சாலை உள்குத்தகையில்லாமல் நடக்கிறது, இன்ன தேதியில் பரிசோதிக்கப்பட்டது என்று அது தெரிவிக்க வேண்டும். கைபேசியில் காட்டினால் உண்மை விளங்க வேண்டும். தங்கத்துக்குச் சாத்தியமானது பட்டாசுக்கு ஏன் சாத்தியமாகாது?

வியாபாரிகள் நம் மனத்தை நன்றாகப் படித்தவர்கள். அணிலைக் கேட்டோம், அணில் வந்தது. சத்தத்தைக் கேட்டோம், அணுகுண்டு வந்தது. தள்ளுபடியைக் கேட்டோம், அது 50-லிருந்து 80-க்கும் அதற்கு மேலும் ஏறிற்று. நாம் கேட்டதையெல்லாம் கொடுத்தவர்கள், இதையும் பத்து வீட்டார், நூறு வீட்டார் கேட்கத் தொடங்கினால் கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். வரும் தீபாவளிக்குக் கடை வாசலில் நின்று, “எவ்வளவு தள்ளுபடி, அண்ணாச்சி?” என்று கேட்குமுன், “இதை எங்கே, எப்படிச் செய்தார்கள், அண்ணாச்சி?” என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்போம். முதல் வருஷம் அவர் சிரிக்கக்கூடும். மூன்றாம் வருஷம் பதிலைத் தயாராக வைத்திருப்பார்.